இன்சுலின் பம்ப்பும் டூர் பஸ்ஸும்

எங்கள் வீட்டில் செங்கல்பட்டு என்றால் ஊர் மட்டுமில்லை, ஒரு நிறமும்கூட.

எனக்கு ஏழு வயதில் சர்க்கரை நோய் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி. கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவில் வீடுகளைவிடக் கல் நட்ட காலி மனைகள்தான் அதிகம். அப்பா மறைமலைநகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவரைப் பெற்றவர்கள் திருக்கழுக்குன்றம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர்கள். ஐ.டி.ஐ. படித்து, மாதச் சம்பளம் என்ற ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் ஆள் அப்பா. அம்மா வீட்டிலேயே ஜாக்கெட், பாவாடை தைத்துக் கொடுப்பாள்.

என் நோயைக் கண்டுபிடித்தது அம்மாவின் தையல் மிஷின்தான். ஸ்கூல் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஒரு தையல் போட்டுப் பிடித்தாள். இரண்டு வாரத்தில் மறுபடி நழுவியது. மூன்றாவது முறை பிடிக்கும்போது அம்மா மிஷினை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, தேஞ்சிக்கினே போற?"

அப்போது நான் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்கூல் குழாயில் வாய் வைத்தால் மற்ற பிள்ளைகள் சண்டைக்கு வரும்வரை எடுக்கமாட்டேன். மறுநாள் காலை அம்மா என்னை மின்சார ரயிலில் ஏற்றி செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பரனூர் தாண்டியதும் ஜன்னலில் கொளவாய் ஏரி வந்தது. தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு இன்னும் தாகம் எடுத்தது, அதனால் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பத்து நாளுக்கு மேல் அங்கே இருந்தோம். ஊசி போடுவதை அம்மா ஒரு சாத்துக்குடிப் பழத்தில் பழகினாள். நர்ஸ் பக்கத்தில் நின்று, "பழத்துக்கு வலிக்காதும்மா, பயப்படாம குத்து" என்றார். பழத்துக்குக் குத்தினவள் எனக்குக் குத்த வந்தபோது ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். நான்தான் "ம்... போடும்மா" என்றேனாம். அது எனக்கு நினைவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். சொல்லும்போதெல்லாம் அவள் என் தைரியத்தைப் பாராட்டுகிறாளா, தன் பயத்தை நினைத்து வருத்தப்படுகிறாளா என்று புரியாது.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. ஈர மணல் போட்ட மண் சட்டிக்குள் இன்சுலின் புட்டி இருந்தது. தினமும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது அப்பாவின் வேலை. ஷிப்டு முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன் அதைத்தான் செய்வார். விரலில் குத்திப் பார்க்கும் மெஷினெல்லாம் எங்களுக்கு எட்டாத காலம். சிறுநீரை எடுத்து, நீல மருந்து ஊற்றிய சோதனைக் குழாயில் நாலைந்து சொட்டு விட்டு, அடுப்பில் காட்டிப் பார்க்க வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய், ரொம்ப அதிகமானால் செங்கல் நிறத்தில் நிற்கும். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள்.

"ஏங்க, செங்கல்பட்டு வந்துட்டுது!"

அப்பா வெளியிலிருந்து கேட்பார். "மறைமலைநகர்ல நிக்கலியா? நேரா போயிட்டுதா?"

மஞ்சளுக்கு மறைமலைநகர், ஆரஞ்சுக்கு சிங்கப்பெருமாள்கோவில் என்று ஸ்டேஷன் வாரியாகப் பெயர் வைத்தது அப்பாதான். நீலம் வந்தால் கூடுவாஞ்சேரி. "வூட்லயே கீது" என்று அம்மா சொன்னால் அன்றைக்கு எனக்குச் சாதம் ஒரு கரண்டி கூட. அந்த வீட்டில் நோய் இருந்ததாக எனக்குத் தோன்றியதே இல்லை. ரயில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ்தான் கொஞ்சம் பேஜாரு. சர்ச்சில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேக் கொடுப்பார்கள். நானும் கை நீட்டி வாங்கிக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதில் நகத்தளவு பிய்த்து என் வாயில் போட்டுவிட்டு மிச்சத்தைத் தன் வாயில் போட்டுக்கொள்வாள். "உனக்காகத்தான் துன்றேன்" என்பாள் வாய் நிறைய. இருவரும் சிரித்துவிடுவோம்.

வருஷத்துக்கு ஒருமுறை அப்பாவின் தொழிற்சாலை டூர் போகும். அதற்காகவே நாங்கள் உயிரோடு இருந்தோம் என்றுகூடச் சொல்லலாம். பொங்கல் முடிந்ததும் இரண்டு வீடியோ பஸ் வந்து தொழிற்சாலை வாசலில் நிற்கும். ஊட்டி, கொடைக்கானல், ஒரு வருஷம் வேளாங்கண்ணி. புளிசாதம், எலுமிச்சை சாதம், கூடை கூடையாக வாழைப்பழம். லேத் பிரிவில் வேலை செய்த ஒருவர், ஊரப்பாக்கத்துக்காரர், வண்டி கிளம்பியதும் முதல் பாட்டை எடுத்துக் கொடுப்பார். கடப்பாரை மாதிரி குரல். அவரைப் பிள்ளைகள் எல்லாம் பாட்டு மாமா என்போம். அம்மா மட்டும் பாடமாட்டாள். ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதற்குள் என் இன்சுலின். வண்டி நிற்கும் ஊரிலெல்லாம் ஐஸ் எங்கே கிடைக்கும் என்று ஜூஸ் கடை தேடி ஓடுவார் அப்பா. நான் தூங்கினாலும் அம்மா தூங்கமாட்டாள். தூக்கத்தில் எனக்கு வேர்க்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வருவாள். வேர்த்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அந்த அடையாளமே இல்லாமல் போனது. சர்க்கரை இறங்கும்போது வேர்வை, படபடப்பு, கை நடுக்கம் என்று முன்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்த உடம்பு இப்போது எதையும் சொல்லவில்லை. நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பேன், திடீரென்று எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்தேன். கூடுவாஞ்சேரி ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிளை விட்டு இறங்கியது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்கீப்பர்தான் அப்பாவிடம் சொன்னார். சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு, கேட்டுக்குக் கீழே குனிந்து புகுந்து, தண்டவாளத்தின் நடுவில் ஏறி, கடைக்குப் போகிறவள் மாதிரி நடந்தேனாம். கேட்டில் நின்றவர்கள் கத்தியிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்துச் சிரித்தேனாம். அவர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக் கேபினுக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்த பெண் என்று நினைத்திருக்கிறார் அந்த மனிதர். தனக்கு வாங்கி வைத்திருந்த டீயை என் கையில் கொடுத்து, "குடி பாப்பா. எதுவா இருந்தாலும் வூட்ல பேசிக்கலாம்" என்றிருக்கிறார். நல்ல சர்க்கரை போட்ட கடை டீ. அதைக் குடித்த சற்று நேரத்தில் எனக்கு உலகம் திரும்பி வந்தது. எதிரில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, காக்கிச் சட்டை. "நான் ஏன் இங்க இருக்கேன்?" என்று கேட்டேனாம். அதைக் கேட்டுத்தான் அவருக்குக் கண் கலங்கியதாம்.

என்னைக் கூட்டிப்போக வந்த அப்பா, அவரிடம் கைகுலுக்க நீட்டிய கையை எடுக்கவே இல்லை.

சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை செங்கல்பட்டுக்கு வந்துபோகும் டாக்டரம்மா ஒருவர் அப்போது என்னைப் பார்த்துவந்தார். குழந்தைகளின் சர்க்கரை நோய்க்கென்றே படித்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உடம்பு எச்சரிக்கை கொடுக்கறத நிறுத்திடுச்சு. ஊசியில இதுக்கு மேல நுணுக்கமா போக முடியாது. பம்ப் வெச்சா நல்லது" என்றார்.

அம்மா கேட்டாள். "பம்ப்புன்னா? வயித்துக்குள்ள வெப்பாங்களா?"

டாக்டரம்மா மேசை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். பழைய பேஜர் அளவில் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு குழாய். குழாயின் நுனி வயிற்றுத் தோலுக்கடியில் இருக்கும், மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் இன்சுலின் நாள் முழுக்கத் துளித் துளியாகப் போய்க்கொண்டிருக்கும். சாப்பிடும்போது பட்டனை அழுத்தினால் கொஞ்சம் கூடப் போகும். ஓடப் போகிறோம், விளையாடப் போகிறோம் என்றால் குறைத்துக்கொள்ளலாம், நிறுத்தியும் வைக்கலாம்.

விலையைச் சொன்னார். எங்கள் தெருவில் ஒரு மனை வாங்கிவிடலாம். அப்பா அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஃபிட்டர் அல்லவா. "நல்லா பண்ணிக்கீறான் மேடம்" என்றார். கிளம்பும்போதுதான் டாக்டரம்மா கேட்டார். "உங்க கம்பெனியில மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கா?"

இருந்தது. தொழிலாளர் குடும்பங்கள் எல்லோரையும் சேர்த்து எடுத்த பாலிசி. எனக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிச் செலவு அதிலிருந்துதான் வந்தது. டாக்டரம்மா விரிவாக எழுதிக் கொடுத்தார். அப்பா அதைத் தொழிற்சாலை ஆபீசில் கொடுத்தார். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு பதில் வந்தது. பம்ப் உடம்புக்கு வெளியே மாட்டிக்கொள்ளும் கருவி, மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் மெஷின், ஊன்றுகோல் வரிசையில் வருவது, அதற்குப் பணம் கிடையாது.

இங்கிலீஷில் இருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன். அம்மா தைப்பதை நிறுத்தாமலே கேட்டாள். "யாரு எழுதினது?"

"இன்சூரன்ஸ் ஆபீசும்மா."

"ஆபீஸ்ல ஆள் இருப்பாங்கல்ல? போய் பாக்கலாம்."

அப்பா லீவு போட்டார். மூவரும் ரயிலேறிப் போனோம். அண்ணா சாலையில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஏறிப் போனால், ஒரு நடுவயது அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். சத்தம் போடுவார், விரட்டுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

அம்மாதான் ஆரம்பித்தாள். "சார், இதுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லம்மா. ரெண்டும் உடம்புக்கு வெளியில போட்டுக்கறது. பாலிசியில அப்படித்தான் இருக்கு."

"கண்ணாடி இல்லன்னா நீங்க பேப்பர் படிக்கமாட்டீங்க. இது இல்லன்னா எம்பொண்ணு தண்டவாளத்துல நடக்குது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என்னிடமே கேட்டார். "ஏம்மா, ஊசியே போட்டுக்கலாமே? நெறைய பேர் அப்படித்தானே இருக்காங்க?"

எனக்குப் பதில் தெரியும். நாளுக்கு நாலு முறை எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் பதில்தான் அது. "போட்டுக்கிட்டுதான் சார் இருக்கேன். ஊசி போட்டா மருந்து உள்ள போயிடுது. அப்புறம் வேணான்னா திரும்ப எடுக்க முடியாது. பம்ப்புன்னா நிறுத்திக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"சார், என்கிட்ட சண்டை போட்டு உங்களுக்கு பிரயோஜனம் இல்ல. உங்க கம்பெனி எங்ககிட்ட என்ன வாங்கியிருக்கோ அதைத்தான் நான் தர முடியும். அடுத்து பாலிசி புதுப்பிக்கிறப்போ ஒரு வரி சேர்த்து வாங்கச் சொல்லுங்க. 'டாக்டர் எழுதிக் கொடுத்து உயிர் காக்க உடம்புல மாட்டிக்கிற கருவி'ன்னு. பிரீமியம் ஏறும். ஆனா அந்த வரி இருந்தா நானே கையெழுத்துப் போடறேன்."

படி இறங்கும்போது அம்மா சொன்னாள். "நல்ல மனுசன். ஆனா காசு குடுக்கமாட்டேன்றான்." அப்பா சிரித்தார். அன்றைக்கு எழும்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே நின்று அவித்த கடலை வாங்கித் தின்றோம். தோற்றுத் திரும்புகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்வது போல வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

தொழிற்சாலையில் மேலதிகாரிகள் முடியாது என்று சொல்லவில்லை. ஏறும் பிரீமியத்தில் பாதியைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும், மீதிப் பாதியைத் தொழிலாளர் நல நிதியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், பாதிப் பேருக்கு மேல் சம்மதித்தால் சரி என்றார்கள். நல நிதி என்றால் டூர். வேறு எதற்கும் அதில் காசு இருந்ததில்லை.

கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். நான் அங்கே இல்லை. ஆனால் அப்பா அதை எத்தனையோ முறை சொல்லிக் கேட்டதால், டம்ளர் சத்தம்கூடக் காதில் விழுகிற மாதிரி இருக்கிறது. யூனியன் செயலாளர் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் முதலில் எழுந்தவர் பாட்டு மாமா.

"அண்ணாத்த, தப்பா நெனச்சிக்காத. அந்தப் பொண்ணு எனக்கும் பொண்ணு மாதிரிதான். ஆனா எம்பொண்டாட்டி வருசம் பூரா வூட்டுக்குள்ளயே கெடக்குறா. இந்த மூணு நாளுதான் அவ வெளிய வர்றது. அத்த நிறுத்துன்னா நான் எப்படி கை தூக்குறது?"

நிறையப் பேர் தலையாட்டினார்கள். அப்பாவுக்கு அவர்மேல் கோபமே வரவில்லையாம். அந்த மனிதரின் மனைவி ஊட்டியில் பனியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை அப்பாவே பார்த்திருக்கிறார். அப்பா எழுந்து, "வேணாங்க. டூரு நிக்க வேணாம். நான் வேற வழி பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை செய்த ஓர் அக்கா எழுந்தார். அந்தத் தொழிற்சாலையில் பெண்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள்.

"நான் மூணு வருசமா டூருக்கு வரல. மாமியா படுத்த படுக்கையா கீறாங்க. என் சம்பளத்துலயும் மாசா மாசம் நிதிக்குப் புடிக்கிறீங்க. எங்காசுலதான் நீங்க ஊட்டிக்குப் போய் வந்தீங்க. நான் எதனா கேட்டனா?"

கேன்டீனை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி பேசினார்.

"இப்ப கேக்குறேன். இந்த ஒரு வருசம் யாரும் போவ வேணாம். அந்த வரிய வாங்கிப் போடுங்க. நாளைக்கு யார் வூட்டுப் புள்ளைக்கு இன்னா வரும்னு யாருக்குத் தெரியும்?"

கை தூக்கச் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தபோது நூலிழையில்தான் தேறியது. பாட்டு மாமா கை தூக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அப்பா அவரோடுதான் சைக்கிள் ஸ்டாண்டுக்கு நடந்து போனார். வழியில் இருவரும் வேறு எதையோ பேசிக்கொண்டு போனார்களாம். என்ன பேசினோம் என்று அப்பாவுக்கு நினைவில்லை.

அந்த வரி பாலிசியில் ஏறியது. அண்ணா சாலை அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார் என்று சொல்ல ஆசைதான். இரண்டு கேள்வி கேட்டார், டாக்டரம்மா இரண்டுக்கும் பதில் எழுதினார், அதற்குப் பிறகு போட்டார். குழாய், ஊசி மாதிரி மாதாமாதம் ஆகும் செலவு எங்கள் பொறுப்பு. அதற்காக அப்பா ஓவர்டைம் பார்த்தார், அம்மா பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் பிடித்தாள்.

சென்னையில் மூன்று நாள் படுக்க வைத்து அளவு பார்த்துப் பம்ப் மாட்டினார்கள். முதல் நாள் அதை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. இடுப்பில் செருகினால் பாவாடை இழுத்தது. அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மருந்துக்கடைத் துணிப்பையைப் பிரித்து, கையாலேயே ஒரு சின்னப் பை தைத்தாள். மூலையில் குழாய் வெளியே வர ஓட்டை போட்டு, ஓட்டைக்குக் காஜா எடுத்தாள். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு தைச்சுக் குடுங்க. எனக்கு வேணும்" என்றார். வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார் போல.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி கேன்டீனில் அப்பா ஒரு கப் கேக் வாங்கி வந்தார். நான் என் ரத்தத்தில் சர்க்கரையின் அளவைப் பார்த்து, கணக்குப் போட்டு, பட்டனை அழுத்திவிட்டு முழுக் கேக்கையும் தின்றேன். அம்மா தன் பங்குக்காகக் கை நீட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். முடித்துவிட்டுக் காகிதத்தில் ஒட்டியிருந்த தூளையும் நக்கினேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

பொங்கல் வந்தது, போனது. டூர் பஸ் வரவில்லை. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஸ்கூலுக்குப் போகும் வழியில் தொழிற்சாலைப் பிள்ளைகள் யாராவது எதிர்ப்பட்டால் நான் இடுப்புப் பையைத் துப்பட்டாவால் மூடிக்கொள்வேன்.

ஒரு நாள் அப்பா வந்து சொன்னார். "ஞாயித்துக்கெழம எல்லாரும் மாபலிபுரம் போறோம். அவங்கவங்க சோறு, அவங்கவங்க பஸ் டிக்கெட்டு. செட்டு சேர்ந்துட்டுது."

"யாரு ஏற்பாடு?" என்றாள் அம்மா.

"வேற யாரு, பாட்டுதான்."

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் கூடினோம். மகாபலிபுரம் பஸ் ஒன்றில் ஏறியவர்களில் முக்கால்வாசி நாங்கள்தான். கண்டக்டர் பாவம், டிக்கெட் கிழித்துக் கிழித்து ஓய்ந்துபோனார். வண்டி திருக்கழுக்குன்றம் தாண்டியதும் முதல் பாட்டு கிளம்பியது. நான் அம்மாவின் தோளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். எல்லாரும் கொடைக்கானலில் இருக்க வேண்டியவர்கள், என்னால் டவுன் பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு போகிறார்கள் என்று ஒரே கூச்சம்.

புலிக்குகைப் பக்கம் போய் வந்து, வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவது மாதிரி போட்டோ பிடித்து, சறுக்குப் பாறையில் பிள்ளைகள் பாவாடை கிழியச் சறுக்கி, மதியம் கடற்கரையில் சவுக்கு நிழலில் சாப்பாட்டைப் பிரித்தோம். ஒருவர் வீட்டு வஞ்சிர மீன் வறுவல் இன்னொருவர் தட்டுக்குப் போனது. இன்ஸ்பெக்‌ஷன் அக்காவும் வந்திருந்தார். ஒரு நாள் பயணம்தான் என்பதால் மாமியாரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தாராம். தண்ணீரில் முதலில் இறங்கியவர் அவர்தான். புடவையோடு உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு மாமா கை கழுவிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"பாப்பா, நான் கை தூக்கல. தெரியுமா உனக்கு?"

"தெரியும் மாமா."

"சரி. எங்க, காட்டு அத்த."

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். அவர் மனைவியும் வந்து பக்கத்தில் நின்றார். பட்டனை அழுத்தியதும் சின்னத் திரையில் வெளிச்சம் வந்தது.

"இப்பயும் போய்க்கினு கீதா, மருந்து?"

"போய்க்கினுதான் மாமா கீது."

"சத்தமே கேக்கலியே" என்றார் அவர் மனைவி ஆச்சரியமாக. பிறகு என் கன்னத்தைத் தொட்டு, "கடல்ல எறங்கலாமா இத்த வெச்சிக்கினு?" என்று கேட்டார்.

தண்ணீர் படக்கூடாது, கழற்றி வைத்தால் ஒரு மணி நேரம் தாங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் அம்மாவைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுனாமிக்குப் பிறகு அவள் கடல் பக்கம் முகத்தைத் திருப்பியதே இல்லை. அந்த அம்மாள் கேட்டது அவள் காதிலும் விழுந்தது. என்னைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள்.

"கழட்டிக் குடு" என்றாள்.

கழற்றிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கவரை முந்தானையில் முடிந்து, முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டாள். நான் ஓடினேன். முதல் அலை முழங்காலில் அடித்தது, இரண்டாவது ஆளையே கவிழ்த்தது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏற எழுந்து திரும்பிப் பார்த்தால், அம்மா கரையில் இல்லை. முழங்கால் தண்ணீரில் என் பின்னாலேயே நிற்கிறாள். ஒரு கையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். இன்னொரு கை தலைக்கு மேல், அதில் என் பம்ப். அலை வரும்போதெல்லாம் கை இன்னும் கொஞ்சம் உயரே போகிறது.

"எறங்கி வாயேம்மா!" என்று கத்தினேன்.

"நீ குளி! எனக்கு வேல கீது!"

கரையில் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

அந்தப் பம்ப் எனக்குக் காலேஜ் முடியும்வரை உழைத்தது. பாலிசியில் அந்த வரி நிலைத்துவிட்டது. பெயின்ட் பிரிவில் ஒருவருடைய மகனுக்கும் பிற்பாடு அதன் மூலம்தான் பம்ப் கிடைத்தது. அவர்களுக்கு விவரம் சொல்லிக் கொடுக்க அப்பாவும் அம்மாவும் அவர்கள் வீட்டுக்கே போய்வந்தார்கள். அம்மா போகும்போது தைத்த பை ஒன்றைக் கொண்டுபோனாள்.

அடுத்த வருஷம் டூர் மறுபடி வந்தது. ஏற்காடு. ஒரே பஸ்தான், வீடியோவும் கிடையாது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஃபிளாஸ்க் இல்லாததால் மடியில் கையை எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் அவளுக்குத் தெரியவில்லை. பாட்டு ஆரம்பித்து எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மதுராந்தகம் வருவதற்குள் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள்.